அத்தை முழங்காலில் ஒரு காந்தம்

அகனேசி, தோங்காத் தீவுகளில் எங்கள் ஊர்ப் பாலர் பள்ளியின் ஆசிரியை. பள்ளிக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. தேவாலயத்தின் பின்பக்கக் கூடம்தான் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு தொண்டை கிழியப் பாடும் அதே கூடத்தில், திங்கள் காலை நாலு வயசு, ஐந்து வயசுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும். நான் படகுத் துறையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். அகனேசி சிரித்தால் என் பட்டறை வரைக்கும் கேட்கும். ஆள் அவ்வளவு பெரிசு, சிரிப்பும் அவ்வளவு பெரிசு.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிரிக்கவில்லை, தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் பெரியவர்கள் எதைச் சொன்னாலும் ‘ஆமாம்’ என்பதுதான் பிள்ளைகளுக்கு முதலில் பழக்கும் மரியாதை. இவள் ஒரு கல்லைத் தூக்கிக் காட்டி, “இது தண்ணில மிதக்குமா?” என்று கேட்டாள்.

“மிதக்கும்!” என்று கூடமே அதிர்ந்தது.

“அப்ப முங்காதா?”

“முங்கும்!”

“என்னடா, மிதக்குமா முங்குமா?”

“ஆமாம் டீச்சர்!”

அன்று சாயங்காலம் என் பட்டறைக்கு வந்து டீசல் பீப்பாய் மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் புலம்பினாள். மறுநாள் ஓலையில் முடைந்த ஒரு பழைய தொப்பியோடு பள்ளிக்குப் போனாள். ஓரமெல்லாம் பிய்ந்து, கோழி கிளறிய குப்பை போல இருக்கும் அது. “இந்தத் தொப்பி என் தலையில இருக்கிற வரைக்கும் நான் பொய் சொல்லுவேன்” என்று பிள்ளைகளிடம் அறிவித்தாள். “கண்டுபிடிக்கிறவங்களுக்குச் சுட்ட ஈரப்பலாக்காய். ஆனா சும்மா பொய்யின்னு கத்தினா கிடையாது. காட்டணும்.”

இப்படித்தான் எங்கள் ஊரில் பொய் நேரம் ஆரம்பித்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு, “படகை மணல்ல இழுக்கறதும் ஒண்ணுதான், வாழைத் தண்டு மேல இழுக்கறதும் ஒண்ணுதான்” என்பாள். பிள்ளைகள் கரைக்கு ஓடி வந்து என் சின்னப் படகில் கயிற்றைக் கட்டி இழுப்பார்கள். மணலில் அசையாது. அடியில் வாழைத் தண்டை உருட்டிவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும், இழுத்தவர்கள் எல்லாம் பின்பக்கமாய் விழுவார்கள். “சிவப்பு போயிருச்சுன்னா உமு அடுப்புக் கல்லு ஆறிப்போச்சுன்னு அர்த்தம்” என்பாள். ஞாயிற்றுக்கிழமை சமையலுக்குக் குழியில் கல் சுடுவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற பிள்ளைகள் இதற்கு ஏமாறுமா? கறுத்துக் கிடக்கும் கல் மேல் எட்ட நின்று தண்ணீர் தெளிப்பார்கள். சொய்ங் என்று ஆவி கிளம்பும். “பெரிய ஆளுக்குத்தான் பெரிய நிழல்” என்பாள். கூடத்தின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, இருக்கிறதிலேயே பொடியன் டார்ச் விளக்கின் கிட்டே போய் நின்று, சுவர் முழுக்கத் தன் நிழலால் நிரப்பி அவளைத் தோற்கடிப்பான்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தாய்மார்களுக்குத் திண்டாட்டம். மெலேயானே என்கிற அம்மா ஒருநாள் பள்ளி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“என்ன படிப்பு இது அகனேசி? எங்க வீட்டுக்காரர் ராத்திரி மீன் பிடிக்கப் போனேன்னு சொன்னாரு. எம் புள்ள ‘மீனைக் காட்டு’ங்கறான்!”

“காட்டினாரா?”

“எங்க காட்டறது? அவரு கூட்டாளிங்களோட காவா குடிச்சு மயங்கத்தானே போயிருக்காரு. அதுவா இப்பப் பேச்சு? பெத்தவனையே புள்ள கேள்வி கேக்கலாமா? ஏ பி சி டி சொல்லிக் குடுன்னா, மரியாதை கெட்டுப் போறதுக்கு வழி சொல்லிக் குடுக்கற.”

சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் விஷயம் சிரிப்பில்லை. அகனேசிக்கு அதுவரை சம்பளம் என்று எதுவும் கிடையாது. தாய்மார்கள் கொடுக்கும் கிழங்கும் மீனும்தான். தலைநகரிலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் வந்து பார்த்து, தாய்மார்களும் சம்மதம் சொன்னால், அரசாங்கச் சம்பளம் வரும். இல்லையென்றால் நியூசிலாந்துக்கு ஆப்பிள் தோட்ட வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான். பெயர் கொடுத்தாகிவிட்டது. புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அவளுக்கு வேறு வழியும் இல்லை. அவள் மகள் பிசிலாவுக்கு ஐந்து வயசு, கூடக் கூட்டிப்போக முடியாது. அம்மா பெட்டியில் எடுத்து வைத்த கம்பளி மேலாடையைப் பிசிலா தினமும் வெளியே எடுத்துப் போடுவாள், அகனேசி தினமும் மடித்து வைப்பாள்.

இந்த நேரத்தில்தான் காந்தம் வந்தது, என் கையாலேயே. தேவாலயத்தின் பெரிய ஒலிபெருக்கி செத்துப்போய் என்னிடம் வந்தது. பிரித்துப் பார்த்தேன், பிழைக்காது. உள்ளே இருந்த கறுப்பு வளையக் காந்தத்தை மட்டும் கழற்றி அகனேசியிடம் கொடுத்தேன். ஆணி, தூண்டில் முள், மீன் டப்பா மூடி என்று பிள்ளைகள் ஊரையே அள்ளிக்கொண்டு வந்தார்கள். பளபளவென்று இருக்கும் அலுமினியச் சட்டி ஒட்டவில்லை, துருப்பிடித்த முள் தாவி ஒட்டுகிறது. அதைப் பார்த்து ஒரு பையன் சட்டிக்காக அழுதே விட்டான். அதிகாரி வருகிற அன்று காந்தத்தைத்தான் முக்கியமாய்க் காட்டுவது என்று அகனேசி முடிவு செய்தாள்.

அப்போது வந்தார் தோவாகாசே அத்தை. அகனேசியின் அப்பாவுக்கு அக்கா. எங்கள் தோங்காவில் அத்தைக்கு மேல் ஆள் கிடையாது. அண்ணன் தம்பி பிள்ளைகளின் வீட்டில் அத்தை எதைக் கேட்டாலும் கொடுத்துவிட வேண்டும். பன்றியா, பாயா, பெண்ணுக்கு வந்த சீரா, ஏன் என்று கேட்கக்கூடாது, முகமும் சுருங்கக்கூடாது. அதிலும் தோவாகாசே ஊருக்கே அத்தை மாதிரி. அவர் வருகிறார் என்றால் நாய்கூட வழிவிடும்.

அத்தைக்கு ரொம்ப நாளாய் முழங்கால் வலி. காந்தம் கட்டினால் வலி போய்விடும் என்று ஆக்லாந்திலிருந்து வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடத்துக்குள் வந்தார், பார்த்தார், “அட, நல்லா கனமா இருக்கே இது” என்றார். அவ்வளவுதான். காந்தம் அத்தையின் கைப்பைக்குள் போய்விட்டது.

அகனேசி சிரித்த முகத்தோடு வாசல் வரை வழியனுப்பினாள். பிறகு நேராய் என் பட்டறைக்கு வந்து ஒரு பெயிண்ட் டப்பாவை உதைத்தாள். அது கடலில் போய் விழுந்தது.

“வேற காந்தம் இருக்கா?”

“ரேடியோவுல ஒரு சின்னது இருக்கு. ஒரு குண்டூசியத் தூக்கவே யோசிக்கும்.”

“அடுத்த வாரம் அதிகாரி வர்றாங்களே!”

“அத்தைகிட்ட ஒரு நாளைக்கு மட்டும் கேட்டுப் பாரேன்.”

அவள் பார்த்த பார்வையில் நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலையைக் கவனித்தேன். அத்தை எடுத்ததைத் திருப்பிக் கேட்பதா? செத்த தாத்தாவும் எழுந்து வந்து அடிப்பார்.

அத்தையோ காந்தத்தைத் துணியில் வைத்து முழங்காலில் கட்டிக்கொண்டு ஊர்வலம் வந்தார். “எப்படி நடக்கறேன் பாத்தியா?” என்று எல்லோரையும் கேட்டார். “ரொம்ப நல்லா நடக்கறீங்க அத்தை” என்றோம் எல்லோரும். வேறு என்ன சொல்வோம்? மெலேயானே ஒரு படி மேலே போய், “சின்னப் பொண்ணு மாதிரி இருக்கீங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

யோசித்து யோசித்து அகனேசிக்கு ஒரு வழி தோன்றியது. அத்தையிடம் எதையும் திருப்பிக் கேட்கத்தான் முடியாது, அத்தையை அழைக்கலாமே. மரியாதைக்கு மரியாதையும் ஆச்சு. அத்தை எங்கே வருகிறாரோ அங்கே முழங்காலும் வரும், முழங்கால் வந்தால் காந்தமும் வரும்.

அந்த நாளும் வந்தது. அத்தை எங்கள் ஊர் வழக்கப்படி மரியாதைக்கு இடுப்பில் நல்ல பாயைச் சுற்றிக்கொண்டு, கூடத்தின் நடு இடத்தில், எல்லோருக்கும் உயரமாய் நாற்காலியில் உட்கார்ந்தார். அதிகாரி அமைதியான பெண்மணி. சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு ஓரமாய்ப் பாயில் உட்கார்ந்துகொண்டார். தாய்மார்கள் சுவரோரம் வரிசையாய், நான் வாசலோரமாய். கயிறும் மணலும் வாழைத் தண்டும் முடிந்தன, கல்லும் நிழலும் முடிந்தன. பிள்ளைகள் பயமில்லாமல் செய்தார்கள். பிறகு அகனேசி தலையைக் குனிந்தபடி அத்தையிடம் போனாள்.

“அத்தை, பிள்ளைங்க உங்க கால்கிட்ட வரலாமா?”

“என் காலு என்ன, கடைத்தெருவா?” என்றார் அத்தை. ஆனால் அவருக்கு உள்ளுக்குள் பெருமைதான். “சரி, வரச் சொல்லு.”

அகனேசி தொப்பியைப் போட்டுக்கொண்டாள். “பிள்ளைங்களா, அத்தையோட முழங்காலுக்கு ஆணிய இழுக்கற சக்தி இருக்கு!”

பிள்ளைகள் குனிந்து, தவழ்ந்து, மரியாதை குறையாமல் வந்து ஆணியை நீட்டினார்கள். துணிக்கு மேலேயே டக் டக்கென்று ஒட்டியது. உடனே எல்லோரும் தங்கள் முழங்காலில் ஆணியை வைத்துப் பார்த்தார்கள். கீழே விழுந்தது. அத்தையின் இன்னொரு முழங்காலில் வைத்துப் பார்த்தார்கள். அதுவும் விழுந்தது. “பொய்!” என்று கூடம் அதிர்ந்தது. “முழங்கால் இழுக்கல டீச்சர், துணிக்குள்ள இருக்கறதுதான் இழுக்குது!”

அதிகாரி கைதட்டினார். அகனேசி தொப்பியைக் கழற்றினாள். அங்கேயே முடிந்திருந்தால் எல்லாம் நல்லபடியாய் முடிந்திருக்கும். அதோடு விட அத்தைக்குத்தான் மனசு வரவில்லை.

“இன்னொண்ணையும் சொல்லு அவங்களுக்கு” என்றார் அகனேசியிடம், அதிகாரியைக் காட்டி. “இது வலியையும் இழுத்துரும். எனக்கு இப்ப வலியே கிடையாது.”

“ஆமாம் அத்தை” என்றார்கள் தாய்மார்கள் சுவரோரத்திலிருந்து.

பிசிலா அப்போது அத்தையின் காலடியில் உட்கார்ந்து ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “தொப்பி இல்லாம சொல்றீங்களே அத்தை” என்றாள். “நடந்து காட்டுங்க.”

தாய்மார்கள் தலை குனிந்துகொண்டார்கள். மெலேயானே, ‘நான் அப்பவே சொன்னேன்’ என்கிற முகத்தோடு என்னைப் பார்த்தாள். அகனேசியின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அந்தக் கம்பளி மேலாடைதான் நினைவுக்கு வந்தது. ஐந்து வயசுப் பெண் தன் வாயாலேயே தன் அம்மாவை விமானத்தில் ஏற்றிவிட்டாளே என்று நினைத்தேன்.

அத்தை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஓர் அடி வைத்தார். இரண்டாவது அடியில் உதட்டைக் கடித்தார். அதற்கு மேல் முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் போய்த் தாங்கவில்லை. அதற்கும் எங்களுக்குத் தைரியமில்லை.

“எங்கடி அந்தத் தொப்பி?” என்றார்.

அகனேசி எடுத்துக் கொடுத்தாள். அத்தை அந்தப் பிய்ந்த தொப்பியைத் தன் வெள்ளை முடி மேல் நேராய் வைத்துக்கொண்டார். பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“எனக்கு முழங்கால் வலியே இல்ல. இப்ப விட்டாக்கூடக் குதிரை மாதிரி ஓடுவேன்.”

“பொய்!” என்று பிள்ளைகள் கத்திய கத்தலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

முதலில் சிரித்தது அத்தைதான். அவர் சிரித்த பிறகுதான் நாங்கள் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அப்புறம் அவர் கண் கலங்கியதை எல்லோரும் பார்த்தோம்.

“கட்டின முதல் நாள்லேர்ந்தே வலி குறையல” என்றார். “வாங்கிட்டு வந்துட்டு வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது? நீங்களும் ஒருத்தர் விடாம நல்லா நடக்கறீங்கன்னீங்க. ராத்திரி ராத்திரி எனக்கு அழுகையா வரும். நடந்து காட்டுன்னு என்னைக் கேட்டது இவ ஒருத்திதான்.”

முடிச்சை அவிழ்த்துக் காந்தத்தைப் பிசிலாவின் மடியில் போட்டார். மிச்ச ஆணிகள் எல்லாம் அதோடு போயின.

அதிகாரி எழுந்து தாய்மார்களிடம், “இந்த டீச்சரே இருக்கறதுல உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார். வழக்கம்போல எல்லோரும் அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள். அத்தை தொப்பியைக் கழற்றி, எல்லோரும் பார்க்கும்படி தரையில் வைத்தார்.

“இப்பத் தலையில தொப்பி இல்ல. நல்லாப் பாத்துக்கோங்க” என்றார். “அகனேசி எங்கயும் போகக்கூடாது. ஆனா என்னையப் பாத்து நீங்க ஆமாம் போடாதீங்க. அவளை வேணுங்கறவங்க எந்திரிச்சு வந்து அவ பக்கத்துல உக்காருங்க. காட்டுங்க.”

முதலில் மெலேயானே எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய் அகனேசியை ஒட்டி உட்கார்ந்தாள். “என் வீட்டுக்காரர் இப்பல்லாம் மீனோடதான் வர்றாரு” என்று முணுமுணுத்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். கடைசியில் சுவரோரத்தில் யாருமே இல்லை. அகனேசி நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவள் அழுகையும் சிரிப்பைப் போலப் பெரிசுதான்.

அன்று மத்தியானமே அத்தையை என் வண்டியில் நெயாஃபு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கூடவே பிசிலாவும் வந்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் அவள், “இப்ப வலிக்குதா அத்தை?” என்று கேட்டாள்.

“வலிக்குதுடி” என்று ஒவ்வொரு தடவையும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார் அத்தை.