கீரியில் ஒரு கணப்பு

மன்னார் வெயிலில் குளிர்காய இடம் கேட்ட முதல் ஆள் அந்த அக்காதான். லண்டனிலிருந்து தனியாகத் திரும்பி வந்து, கீரிக் கிராமத்தில் கடலைப் பார்த்தபடி வீடு கட்டியிருந்தார். மரவேலை முழுவதும் என் பொறுப்பு. சுவரோடு சேர்ந்த அலுமாரி, புத்தகத் தட்டு, ஜன்னலடியில் உட்கார ஒரு வாங்கு என்று அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டினேன். கடைசியாகக் கைபேசியில் ஒரு படத்தை நீட்டினார். சுவரில் நெருப்பு மூட்டும் கணப்பு, அதைச் சுற்றி மரச்சட்டம், மேலே அகலமான தட்டு.

"அக்கா, இஞ்ச ஃபேனை நிப்பாட்டினாலே அவிஞ்சு போயிடுவம்," என்றேன்.

"நெருப்பு வேண்டாம் தம்பி, சட்டம் மட்டும் இருந்தாக் காணும். மகன் முதல் தரம் வாறான். ஹோட்டலில ரூம் போட்டிட்டான். உங்கட வீட்டில எனக்கு என்ன கிடக்கு எண்டு கேக்கிறான். அவன் வளந்த லண்டன் வீட்டில இது இருந்தது. இதைக் கண்டாலாவது ஒரு ராத்திரி என்னோட தங்குவான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தாய் வீடு கட்டி வைத்துக் காத்திருக்க, துரைக்கு ஹோட்டலாம்! அந்தக் கோபத்திலேயே முதிரை மரத்தை இழைத்துத் தள்ளினேன். கடல் பக்கச் சுவரில் சட்டத்தைப் பூட்டிவிட்டு, தள்ளி நின்று என் வேலையை நானே ரசித்தேன். அந்தளவு தலைக்கனம் எனக்கு உண்டு.

அன்று பின்னேரம் அக்காவின் மச்சாள் வீடு பார்க்க வந்தார்.

"இதென்ன, கதவு நிலை வைச்சிருக்கு, பின்னால சுவர் நிக்குது? அடைச்ச வாசல் எல்லோ! வாற பிள்ளைக்கு இதையோ காட்டுறது?"

கேட்டுவிட்டு, தேத்தண்ணியையும் ஆறுதலாகக் குடித்துவிட்டுப் போனார். அக்காவின் முகம் சுண்டிவிட்டது.

"கழட்டுங்கோ தம்பி."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "சட்டம் கிடக்கட்டும் அக்கா. சுவரை உடைப்பம்," என்றேன்.

வீட்டைக் கட்டிய மேசன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனாலும் சட்டத்துக்குள் இருந்த சுவரை அளவாக உடைத்து, ஓரம் பூசித் தந்தான். வெளிப்பக்கம் இரண்டு குட்டிக் கதவுகள் பொருத்தினேன். திறந்ததுதான் தாமதம், கடற்காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. கணப்பென்றால் சூடுதான் வரவேண்டும் என்று யார் சொன்னது? அக்கா தரையில் உட்கார்ந்து, அதற்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு சிரித்தார்.

மகன் வந்த அன்று, அலுமாரிக் கதவு இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும் எனச் சாட்டுச் சொல்லி நானும் என் சாமான் வானை ஓட்டிக்கொண்டு போனேன். உண்மையில் என்ன நடக்கிறதென்று விடுப்புப் பார்க்கத்தான். மகன் விருந்தாளி மாதிரி கதிரை நுனியில் இருந்தார். பிறகு கணப்பைக் கண்டார். எழுந்து போய்க் குனிந்து பார்த்தவருக்கு நெருப்புக்குப் பதிலாகக் கடல் தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மத்தியானச் சோற்றையும் மீன்குழம்பையும் அங்கேயே தரையிலிருந்துதான் சாப்பிட்டார். தாயும் மகனும் பழைய கதைகள் பேசினார்கள். நான் பூட்டிய திருகாணிகளையே திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தேன்.

வெயில் தணிந்ததும் மகன் எழும்பினார்.

"அண்ணா, உங்கட வானில என்னை ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?"

அக்கா குனிந்து சாப்பாட்டுக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார்.

"பெட்டியை எடுத்துக்கொண்டு வந்திடுவம்," என்றார் மகன். "அம்மா, பாய் இருக்கோ? நான் இதுக்கு முன்னாலதான் படுக்கப்போறன்."

அக்கா கோப்பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க வானைக் கிளப்பும் திறப்பைக் காணவில்லை என்று வீடெல்லாம் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.