மஞ்சள் பூசிய கல்

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு மனை விலைக்கு வந்தது. அங்கே டீக்கடை வைக்க வேண்டும் என்பது எனக்கும் என் மனைவிக்கும் நெடுநாள் ஆசை. ஆனால் மனையின் முகப்பில், எழுத்து தேய்ந்துபோன பழைய கல் ஒன்று நின்றது. அது கல்வெட்டாக இருந்தால் அங்கே எதுவும் கட்ட விடமாட்டார்கள்.

தொல்லியல் அலுவலகத்துக்கு நேரில் போகக் கூச்சப்பட்டு, போன் செய்தேன். "கல்லு மேல மாவு தடவி போட்டோ எடுத்து அனுப்புங்க. எழுத்து தெரியும்" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"அரிசி மாவுன்னா எறும்பு வந்துடும்" என்று மனைவி மஞ்சள்தூளைக் கொடுத்தனுப்பினாள். கல்லைக் கழுவி, மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். போட்டோ எடுக்கப் போனபோதுதான் போனை வீட்டில் வைத்துவிட்டது தெரிந்தது.

எடுத்துக்கொண்டு திரும்பினால், கல்லின் முன் கற்பூரம் எரிகிறது. அன்று பௌர்ணமி.

"என்ன சாமிங்க இது?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார். மஞ்சள் படிந்த கையோடு விழித்தேன்.

"காவல் சாமி. இவரு பூசாரி, மௌன விரதம்" என்றார் பக்கத்தில் நின்றவர்.

கூட்டம் கலைந்த பிறகுதான் போட்டோ அனுப்ப முடிந்தது. மறுவாரம் அதிகாரி கூப்பிட்டார்.

"பழைய மைல்கல்லுங்க. செங்கம் எத்தன மைல்னு போட்டிருக்கு. தாராளமா கட்டுங்க, கல்ல ஓரமா நவுத்திடுங்க."

"நவுத்துவீங்களா?" என்றாள் மனைவி.

மனையை வாங்கி, கல்லைச் சுற்றியே கடை கட்டினோம். பௌர்ணமிதோறும் அவள் டீ போடுகிறாள். நான் பேசாமல் விபூதி கொடுக்கிறேன்.