கோபுர அறைச் சுவரில் ஏழு கோடுகள்

தான் வேலை பார்த்த நூற்பாலையை இழுத்து மூடிய வருடம், 1999இல், ஸ்லாவ்கா எங்கள் கோட்டைக்கு வேலைக்கு வந்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. நான் வாசலில் டிக்கெட் கிழிப்பவன்.

"நான் இந்தக் கோட்டையிலதான் பொறந்தேன், மிரான்" என்றாள் முதல் நாளே.

எனக்கு அது புதிதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடில்லாத குடும்பங்களை இங்கேதான் குடிவைத்தார்கள். பிரபுக்கள் விருந்துண்ட கூடத்தில் நான்கு குடும்பங்களின் அடுப்புகள் எரிந்தன. அறுபத்து மூன்றில் எல்லோரையும் கீழே நகரத்தின் புது வீடுகளுக்கு அனுப்பினார்கள். பிறகுதான் ஆயுதங்களுக்கு ஒரு அருங்காட்சியகம், பொம்மலாட்டத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாக வந்தன.

அந்த வசந்தத்தில் வட கோபுர அறையைத் திறந்தோம். கதவோரச் சுவரில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு கோடுகள் இருந்தன. காப்பாட்சியர் டாக்டர் லாம்ப்ரெட் அவற்றுக்குக் கண்ணாடி போட்டு, ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு கைதி நாட்களை எண்ணிய தடம் என்று பலகை வைத்தார். காவலுக்கு ஸ்லாவ்காவைப் போட்டார்கள்.

மூன்றாம் நாள் மதியம், கடிக்காத ரொட்டியைக் கையில் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றாள்.

"அது கைதி போட்டது இல்ல. எங்கப்பா போட்டது. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு என்னை நிக்க வச்சு ஆணியால கீறுவாரு."

"அப்போ போய்ச் சொல்லேன்."

"எப்படிச் சொல்றது? எங்க ஜன்னல்ல ஆறு தெரியும். இங்க சர்ச்தான் தெரியுது."

பஸ் ஓட்டும் தன் தம்பி லுத்விக்கிடம் ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டாள். அவன் சிரித்துவிட்டான்.

"கோபுரமா? நாம கீழ, குதிரை லாயத்துக்குப் பக்கத்துல இருந்தோம்க்கா. அந்தச் சாண நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்கு."

அவன் சொன்னதும் அவள் மூக்கிலும் அந்த நாற்றம் ஏறியதாம். அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

அந்த நாளில் கோட்டையில் குடியிருந்த ஆன்ச்கா முதியோர் இல்லத்தில் இருந்தாள். அவளையும் போய்ப் பார்த்தாள்.

"கோபுரத்துல இருந்தது நாங்கடி" என்றாள் ஆன்ச்கா. "எங்க பையன் ஸ்டாங்கோ உயரத்தை என் புருஷன் கீறி வச்சாரு."

"அப்போ நான் அங்க இருந்ததே இல்லையா?"

"ஏன் இல்ல? பாதி நாள் எங்க வீட்லதானே சாப்பிட்ட. உன்னையும் நிக்க வச்சிருப்பாரு. யாருக்கு ஞாபகம்?"

திங்கட்கிழமை ஸ்லாவ்கா எல்லாவற்றையும் லாம்ப்ரெட்டிடம் சொன்னாள். அவர் முகம் சிவந்தது. மறுநாள் கண்ணாடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியோடு சுவர் முன் மண்டியிட்டு உட்கார்ந்தார். சுண்ணாம்புக்கு அடியில் குடும்பங்கள் பூசிய நீல வண்ணம் இருந்தது. கோடுகள் அதையும் வெட்டிக்கொண்டு போயிருந்தன; அப்படியென்றால் குடும்பங்கள் வந்த பிறகு கீறியவைதான்.

"கைதி இல்லம்மா. நான்தான் தப்பு பண்ணிட்டேன்" என்றார். "யாரோட கோடுன்னு எழுதட்டும்?"

அது தன் கோடுதான் என்று அவர் எழுதியிருந்தால் ஸ்லாவ்காவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஆனால் நிச்சயமாகத் தெரியாததைச் சொல்ல மனம் வரவில்லை.

"தெரியலைன்னே எழுதுங்க டாக்டர்."

புதுப் பலகையைப் பற்றி ஊரில் பேச்சுப் பரவியதும் பழைய குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராக மலையேறி வந்தார்கள். ஆறு குடும்பங்கள் அந்த அறை தங்களுடையது என்றன. ஒரு அக்காவும் தங்கையும் என் டிக்கெட் மேஜை முன்னாலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். அவர்கள் கொண்டுவந்த புகைப்படங்களையும் வாணலிகளையும் வைத்து, லாம்ப்ரெட் அந்த அறையைக் கோட்டையில் வாழ்ந்த குடும்பங்களின் காட்சிக்கே ஒதுக்கினார்.

ஓய்வுபெறும்வரை ஸ்லாவ்கா வேறு அறைக்கு மாறவே இல்லை. சுவரைக் காட்டி யாராவது கேட்டால், "நானா இருக்கலாம், ஸ்டாங்கோவா இருக்கலாம்" என்பாள். சில நாள் ஸ்டாங்கோ பெயரை மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில் சொல்வாள்.