சனிக்கிழமை தேடும் பாவா காக்கா

கறுத்த ஸ்பீக்கர் பெட்டியின் முதுகில் சோக்கட்டியால் ஒரு கோட்டை இழுத்து, அதில் பாதியை உள்ளங்கையால் அழித்துவிட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிய போனில் முகைதீன்பாவா கேட்கிறார்: "மாப்பிள்ள ஊட்டார் சனிக்குத்தான் நிக்கிறாங்களா? ஞாயிறு ஒத்துக்கொள்ள மாட்டாங்களா? ஏனெண்டா உங்கட மருமகன்தான் அண்டைக்குக் கோல் காக்கணும்."

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, அழிந்த கோடு மறுபடி முளைக்கிறது.

கல்முனைக்குடியில் ஒலிபெருக்கியும் கதிரையும் வாடகைக்கு விடுகிறவர் அவர். காக்கா என்றால் அண்ணன்; ஊருக்கெல்லாம் அவர் பாவா காக்கா. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை கலியாணமோ, கந்தூரியோ, கோயில் திருவிழாவோ, நாள் குறித்ததும் முதலில் போன் வருவது அவருக்குத்தான். எந்த நாள் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்த ஆள் என்பதால், இந்தக் கரையின் காற்பந்துக் கழகங்கள் எல்லாம் கூடி, போட்டி அட்டவணை போடும் வேலையையும் அவர் தலையில் கட்டிவிட்டன. சம்பளம் கிடையாது. திட்டு நிறையக் கிடைக்கும்.

அட்டவணையை அவர் எழுதுவது ஸ்பீக்கர் பெட்டிகளின் முதுகில். பெட்டி கலியாணத்துக்குப் போனால் அட்டவணையும் கூடவே போகும். பிரியாணி சகனை, ஆறேழு பேர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டை, சுற்றி உட்கார்ந்தவர்கள், அடுத்த கிழமை யாருக்கும் யாருக்கும் போட்டி என்று பந்தலிலேயே வாசித்துவிட்டு வாதாடத் தொடங்குவார்கள். திகதி கேட்டால் பாவா காக்காவுக்கு எரிச்சல் வரும். "ஒலுவில் போட்டுகள் திரும்பின மறுகா வாற சனி" என்பார். "வாய்க்கால் பூட்டுற கிழம" என்பார். அவரைப் பற்றி எழுத வந்த எனக்குத்தான் விளங்கவில்லை. கழகக்காரர் எல்லோருக்கும் விளங்கியது.

நோன்பு, பரீட்சை, மாரி மழை, கடல், வயல். இத்தனைக்கும் நடுவே சனிக்கிழமைகளைப் பொறுக்கி எடுப்பதுகூட அவருக்குச் சிரமமில்லை. சிரமம் வேறிடத்தில். கழகத்துக்கு விளையாடுகிற நல்ல பிள்ளைகளைத்தான் மாவட்ட அணிக்கும் எடுப்பார்கள். "கால் ஒண்டுதான், தம்பி. கேக்கிற ஆக்கள் ரெண்டு பேர்" என்று என்னிடம் சொன்னார்.

அதன் பொருளை நிதர்சனிடம் பார்க்கலாம். காரைதீவுக் கழகத்தின் நடுக்கள ஆட்டக்காரன், வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. முன்பொருமுறை அட்டவணை வேறொருவர் கையில் இருந்தபோது, ஒரு நாள் மாவட்டத்துக்கும் மறுநாள் கழகத்துக்கும் விளையாடினான். முழங்கால் வீங்கி, அந்த மழைக்காலம் முழுக்க வரம்பில் ஏற முடியாமல் வீட்டில் கிடந்தான். அதன் பிறகுதான் பாவா காக்காவைத் தேடி வந்தார்கள். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாவட்டப் போட்டிக்கும் கழகப் போட்டிக்கும் நடுவில் ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், ஓய்வு வேண்டும்.

நான் அவரைப் பார்க்கப் போன நாட்களில்தான் அந்த நிபந்தனைக்குச் சோதனை வந்தது. வெள்ளத்தால் தள்ளிப்போன கழக இறுதிப் போட்டி, கல்முனைக்குடிக்கும் காரைதீவுக்கும், மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றுக்குக் குறித்திருந்தது. திடீரென்று மாகாணப் போட்டியையும் அதே சனிக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு கழகத்திலிருந்தும் பிள்ளைகள் மாவட்ட அணியோடு திருகோணமலை போகவேண்டும்.

கடைக்குள் பிளாஸ்டிக் கதிரைகளை இறக்கிப்போட்டுக் கூட்டம் நடந்தது. கல்முனைக்குடிக் கழகத் தலைவர் மீராமுகைதீன் மீன்பிடிப் போட் முதலாளி. மெதுவாகக் கதைக்கத் தெரியாதவர்.

"சனி அங்க விளையாடட்டும். ராவு பஸ் ஏறினா விடியக்குள்ள வந்திருவாங்க. ஞாயிறு பின்னேரம் பைனல். இதில என்ன பிரச்சின?"

"பிரச்சின பஸ்ஸில இல்ல மச்சான். முழங்கால்ல" என்றார் பாவா காக்கா.

காரைதீவுக் கழகச் செயலாளர் மீனாம்பிகை, முன்பள்ளி ஆசிரியை, அவரும் ஞாயிறு பக்கம்தான் நின்றார். "அடுத்த சனி எங்கட பக்கம் வெள்ளாம வெட்டு, காக்கா. எங்கட பொடியனுகள் பாதிப்பேர் வயலுக்குள்ள நிப்பாங்க. அதுக்கு அடுத்த சனி உங்களுக்கு நோன்பு தொடங்கிரும். வேற நாள் எங்க கிடக்கு?"

"அப்ப கிண்ணத்த நடுவால வெட்டி ஆளுக்குப் பாதி குடுங்க" என்றார் மீராமுகைதீன்.

எல்லோரும் சிரித்தார்கள். பாவா காக்கா சிரிக்கவில்லை. தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். எங்கே போகிறார் என்று தெரியாமலே பின்னால் ஏறிக்கொண்டேன்.

அக்கரைப்பற்றில், அறுவடை இயந்திரம் ஒன்றின் வயிற்றுக்குள் தலையை விட்டுப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார் அழகரெத்தினம். காரைதீவு வயல்களை வெட்டப்போகிற இயந்திரம் அதுதான்.

"பந்தடிக்கிறதுக்காக மெசின நிப்பாட்டச் சொல்ல வந்தீங்களா?"

"நிப்பாட்டச் சொல்லல்ல அண்ணன். ஒள்ளம் திருப்பச் சொல்றன். மேற்கால தொடங்கிறத கிழக்கால தொடங்குங்க. பந்தடிக்கிற புள்ளையள்ட வயல் எல்லாம் கிழக்காலதான். வெள்ளிக்குள்ள அது முடிஞ்சா, சனி அவங்களுக்கு வேலயில்ல."

அழகரெத்தினம் வெளியே வந்து கையைத் துடைத்தார். "எனக்கு எந்தப் பக்கம் தொடங்கினாலும் ஒண்டுதான். ஆனா மேற்கால முதல் வயல்காரன் விடணுமே. கதிர் முத்திப்போய் நிக்கிது."

"யார்ட வயல்?"

"மீனாம்பிகைட அப்பாட."

பாவா காக்கா மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். காரைதீவில் மீனாம்பிகை வாசலுக்கு வந்து, விஷயத்தைக் கேட்டதும், முதலில் அவரைப் பார்க்காமல் மேற்கே பார்த்தார். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் கிடந்தது.

"மழை வந்தா, காக்கா?"

"வந்தா கதிர் சாயும், தங்கச்சி. வராதெண்டு நான் சொல்லமாட்டன்."

மீனாம்பிகை உள்ளே போனார். தகப்பனின் குரல் உயர்ந்து கேட்டது, பிறகு தாழ்ந்தது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பாவா காக்கா வேலியில் ஒரு கையை வைத்தபடி நின்றார். மீனாம்பிகை வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"அப்பா ஓம் எண்டிட்டார். ஆனா சனி பின்னேரம் மெசின் எங்கட வயலுக்குள்ள இறங்கணும். நான் பைனலுக்கு வரமாட்டன், அங்க நிக்கணும்."

இறுதிப் போட்டி அடுத்த சனிதான் என்ற செய்தி கேட்டதும் மீராமுகைதீன் போனில் வெடித்தார். "காரைதீவு வெல்லுறத்துக்கு நீங்க வயலும் வெட்டிக் குடுக்கிறீங்களா?" பாவா காக்கா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்கட கீப்பர் பஸாலும்தான் மாவட்டத்துக்குப் போறான். அவனுக்கும் ஒரு கிழம, மச்சான்."

திருகோணமலையில் மாவட்ட அணி தோற்றது. நிதர்சன் காலைத் தாங்கித் தாங்கித்தான் பஸ்ஸிலிருந்து இறங்கினானாம். மறுநாளே இறுதிப் போட்டி வைத்திருந்தால் அதே காலோடு மைதானத்தில் இறங்கியிருப்பான். அவனே அதை என்னிடம் சொன்னான். "கேட்டா மாட்டன் எண்டு சொல்ல ஏலாது அண்ணன். ஊரே பாத்துக்கொண்டு நிக்கும்."

அந்தக் கிழமை முழுவதும் பாவா காக்கா வானத்தைப் பார்த்தே நடந்தார். வியாழனும் வெள்ளியும் இயந்திரம் கிழக்கு வயல்களில் ஓடியது. சனிக்கிழமை பின்னேரம் கடற்கரை மைதானத்தில் சனம் நிறைந்து, மதிலிலும் ஏறி நின்றது. இரண்டாம் பாதி தொடங்கியபோது நான்கைந்து துளி விழுந்தது. எல்லோரும் பந்தைப் பார்க்க, அவர் மட்டும் மேற்கே திரும்பி, ஈரமான நெற்றியைத் துடைக்காமல் நின்றார். துளி நின்றது. சற்று நேரத்தில் நிதர்சன் தூரத்திலிருந்து அடித்த பந்து, பஸாலின் விரல்நுனியில் பட்டுக்கொண்டே வலைக்குள் போனது. ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான்.

"நீங்க குடுத்த லீவுதான் எங்கட வலைக்குள்ள கோல் அடிச்ச!" என்று மீராமுகைதீன் கூட்டத்துக்கு நடுவிலிருந்து கத்தினார்.

பாவா காக்கா அதற்குள் மீனாம்பிகைக்குப் போன் எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"வயல் முடிஞ்சுதா?"

"யார் வெண்ட?"

இயந்திரத்தின் இரைச்சலுக்குள் மீனாம்பிகை சொன்னார்: "பாதி முடிஞ்சிது, காக்கா. நனையல்ல."

கிண்ணம் கொடுத்து, படம் பிடித்து, பட்டாசு கொளுத்தி முடிய, காரைதீவுப் பிள்ளைகள் நிதர்சனைத் தோளில் தூக்கியபடி, கோல் கம்பத்தடியில் நின்ற அவரிடம் வந்தார்கள். கிண்ணத்தை அவர் கையில் கொடுக்கப் பார்த்தான் அவன். அவர் அதை வாங்கவில்லை. அவனை இறக்கச் சொன்னார். வெள்ளைச் சாரத்தோடு மணலில் குந்தி, காலுறையைக் கணுக்கால் வரை உருட்டிவிட்டு, முழங்காலைச் சுற்றிப் பெருவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"நோகுதா?"

"இல்ல காக்கா."

"இஞ்ச?"

"இல்ல."

எழும்புவார் என்று நினைத்தேன். எழும்பவில்லை. குந்தியபடியே நகர்ந்து, கோல் கம்பத்தில் சாய்ந்து தலையைக் குனிந்திருந்த பஸாலின் காலுறையை உருட்டத் தொடங்கினார்.