செட்டுக்குள் மாட்டியிருந்த கேசட்

அபுதாபி முசஃபாவில் நான் வேலை செய்யும் கராஜில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியிலிருந்து கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கேட்டால் டிக்கியில் வைத்துக் கொடுத்துவிடுவோம். கேட்காவிட்டால் அது கழற்றினவனுக்கு. வியாழக்கிழமைதோறும் பழைய இரும்பு வாங்கும் ஒரு பட்டான் பிக்கப்பில் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவார். அவர் கொடுப்பதில் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வரும். இதில் தப்பு இருப்பதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஓர் அயர்லாந்துக்காரர் பல வருஷமாக என்னிடம்தான் வண்டியை விடுவார். கப்பல் எஞ்சின் வேலையைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர், வயது அறுபதுக்கு மேல். நான் ஐந்தாவதோடு நின்றவன் என்பதால் எனக்குப் புரியும்படி இங்கிலீஷை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நான் வேலையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவேன். எனக்கு யாரோடும் அதிகம் பேச வராது. அவருக்கும் அது பிடித்திருந்தது போல.

அவருடைய பழைய ஜீப்பில் ஒரே ஒரு கேசட் உண்டு. வண்டியை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் அது பாடும். வார்த்தை கிடையாது, பிடில் மட்டும். மெதுவாக ஆரம்பித்து, நாயனக்காரர் கோயில் வாசலை நெருங்கும்போது வேகம் எடுப்பாரே, அப்படிக் கடைசியில் ஓடும். முடிந்ததும் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஒரு பெண்பிள்ளைக் குரல் ஏதோ ஒரு வரி சொல்லும். ரேடியோவில் அறிவிக்கிறவள் என்று நினைத்திருந்தேன். அந்தப் பிடில் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. வெல்டிங் சத்தத்துக்கு நடுவே, யார் காதிலும் விழாது என்ற தைரியத்தில் முனகிக்கொண்டும் இருப்பேன்.

போன வருஷம் ஜீப்பின் டேப் செட் செத்துப்போனது. கேசட்டும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அவர் வண்டியை ஃபோர்மேனிடம் விட்டுவிட்டு டாக்சியில் போய்விட்டார். புது செட் போடு, சாயந்திரம் வண்டி போகணும் என்று ஃபோர்மேன் சொன்னார். பழையதைக் கழற்றி மேஜையில் வைத்தபோது வாயில் கேசட்டின் விளிம்பு தெரிந்தது. குறடால் இழுத்து எடுத்து வண்டியில் போட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் வேறு வண்டிக்குக் கூப்பிட்டார்கள். அன்று வியாழக்கிழமை. பட்டான் வந்து ஹாரன் அடித்தார். மேஜையில் கிடந்ததையெல்லாம் நானே தூக்கி அவர் பிக்கப்பில் போட்டேன். அந்த செட்டும் அதில் போனது.

மறுநாள் காலையில் அயர்லாந்துக்காரர் வந்து நின்றார். ஃபோர்மேன் என்னைக் கேபினுக்குள் கூப்பிட்டு, செட்டுக்குள் கேசட் இருந்ததா என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. இருந்தது என்றால் அடுத்து நூறு கேள்வி வரும், அத்தனைக்கும் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும் என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது. ஃபோர்மேன் அவரிடம் திரும்பி, இந்த ஆள் அதிகம் பேச மாட்டான், பேசினால் சரியாக இருக்கும் என்றார். அவரும் ஒத்துக்கொண்டார். வண்டிக்குள்தான் எங்காவது விழுந்திருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். அவர் சந்தேகப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

வெளியே வந்து ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று அவர் சொன்னதை நான் மெல்ல மெல்லத்தான் பிடித்தேன். அந்த மெட்டு அவர்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. நூறு பேர் வாசித்தது கடையிலும் போனிலும் கிடைக்கும். ஆனால் இது அவருடைய தாய்மாமா வாசித்தது. ரேடியோக்காரர்கள் வீட்டுக்கே வந்து, அடுப்படியில் உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள். ஒரே தடவை ஒலிபரப்பானது. அப்போது இவர் ரேடியோ பக்கத்தில் டேப்பை வைத்துப் பிடித்துக்கொண்டார். பிற்பாடு ரேடியோ நிலையத்துக்கு எழுதிக் கேட்டபோது அந்தப் பதிவை எப்போதோ அழித்துவிட்டதாகப் பதில் வந்ததாம். கடைசியில் பேசும் குரல் அவருடைய அம்மாவுடையது. அம்மாவின் குரல் அதைத் தவிர வேறெதிலும் இல்லை. வேலை முடிந்துவிட்டது, இரண்டு மாதத்தில் மொத்தமாக ஊருக்குப் போகிறேன் என்றும் சொன்னார்.

அன்று மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தோடு பெயிண்டரைத் தேடிப் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ரூமில் என் பக்கத்துக் கட்டில். அவர் ஒருவரிடம்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"வாயைத் திறக்காத மனுசன் எண்டு பேர் எடுத்தியள் அண்ணை. திறந்த ஒரே நாளில இப்படிப் பொய்யோ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பட்டானுக்குப் போன் போட்டு, செட் ஷார்ஜாவில் எந்த யார்டுக்குப் போனது என்று விசாரித்ததும் அவர்தான்.

லீவு நாளில் பஸ் மாறி மாறி ஷார்ஜா போனேன். பழைய வண்டிச் சாமான் யார்டுகள் தெருத்தெருவாக இருக்கும் இடம். தேடிப் பிடித்த யார்டில் செட் கிடந்தது. உள்ளே கேசட் இல்லை. வரும் கேசட்டுகளையெல்லாம் பிடுங்கி ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவிடுவோம், வேண்டுமென்றால் பார் என்றார் அங்கிருந்த பெரியவர். எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் யார்டின் நம்பர் போட்டிருந்தது. ஒரு செட்டை பேட்டரியில் மாட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். குர்ஆன் ஓதும் கேசட், இந்திப் பாட்டு, மலையாளப் பாட்டு, பாதியில் அறுந்தது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. பெட்டி தீர்ந்துவிட்டது.

என்ன பாட்டு பாய், சொல்லேன் என்றார் பெரியவர். பேர் தெரியவில்லை. வார்த்தை இல்லாத பாட்டு என்றேன். அப்புறம் எப்படித் தேட முடியும் என்று அவர் எழுந்துவிட்டார்.

அப்போதுதான் அதை முனகினேன். கல்யாண வீட்டில்கூட வாயைத் திறந்து பாடாதவன் நான். கண்ணை மூடிக்கொண்டு, முதலில் மெதுவாக, பிறகு ஓடும் இடத்தையும். டயர் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். ஒருவன் தொடையைத் தட்டித் தாளம் போட்டான், இன்னொருவன் இடுப்பை ஆட்டினான். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் மட்டும் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினான். இது நம் பிக்கப் டிரைவர் போடுகிற பாட்டு, புஜைரா போகிற வழியெல்லாம் இதையேதான் போட்டு உயிரை எடுக்கிறான் என்றான்.

அந்த டிரைவரைப் பிடிக்க இன்னும் இரண்டு லீவு நாள் போனது. நான் போகிற நாளெல்லாம் அவர் புஜைராவில் இருப்பார். மூன்றாம் தடவை மாட்டினார். மலைப்பாதையில் தூக்கம் வராமல் இருக்க இதுதான் துணை என்று கொடுக்க மனமில்லாமல் நின்றார். கேசட்டுக்குச் சொந்தக்காரரின் அம்மா இதில் பேசுகிறார், அவர் இப்போது இல்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். "அச்சா" என்றார். பிறகு தானே வெளியில் எடுத்து, சட்டையில் துடைத்து, என் கையில் வைத்தார்.

யாராவது அதன் மேல் வேறெதையாவது பதிவு செய்திருப்பார்களோ என்ற பயம் அப்புறம்தான் வந்தது. அவர் பிக்கப்பிலேயே போட்டுக் கேட்டோம். ஒரு இடத்தில் டேப் கொஞ்சம் இழுத்தது. பிடில் ஓடி முடிந்தது. நாற்காலி இழுபட்டது. அந்தக் குரல் இருந்தது.

கேசட் கிடைத்த பிறகுதான் எனக்கு உண்மையான தொல்லை ஆரம்பித்தது. அதைக் கொடுக்க வேண்டுமானால் நான் சொன்ன பொய்யையும் சேர்த்தல்லவா கொடுக்க வேண்டும். பெயிண்டர் வழி சொன்னார்: "சீற்றுக்குக் கீழ செருகிப்போட்டு, இப்பத்தான் கண்டனான் எண்டு குடுங்கோ. கலாஸ், விஷயம் முடிஞ்சுது."

ஜீப்பை விற்பதற்கு முன் கடைசி சர்வீஸுக்கு அயர்லாந்துக்காரர் கொண்டுவந்தார். அவரும் ஃபோர்மேனும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, முன்னமே செருகி வைத்திருந்த அதை எடுத்தேன். "சார், கேசட்" என்றேன்.

ஃபோர்மேன் கைதட்டினார். அயர்லாந்துக்காரர் கேசட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த வெள்ளைப் பெயிண்ட் நம்பரைக் கட்டைவிரலால் தடவினார். அதைத் துடைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் கைக்கு வரும் சாமான் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு நம்பர் இருக்கும், அதை நாங்கள் கவனிப்பதே கிடையாது.

ஃபோர்மேனுக்குப் போன் வந்து உள்ளே போனதும் அவர் மெதுவாகச் சொன்னார்:

"இந்த சீட்டை நானே கழற்றித் தேடினேன். இரண்டு தடவை."

நான் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தேன்.

"எங்கே இருந்தது?"

"ஷார்ஜா" என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

 திட்டுவார் என்று காத்திருந்தேன். போட்டுக் காட்ட முடியுமா என்று மட்டும் கேட்டார். என் மேஜையில் ஒரு பழைய செட்டை பேட்டரியில் மாட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். அந்தக் குரல் வந்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"கதவைச் சாத்து, குளிர் வருதுன்னு சொல்றா" என்றார்.

போகும்போது ஃபோர்மேன் மறுபடி வந்தார். இவ்வளவு நாளும் சீட்டுக்கு அடியிலேயே இருந்திருக்கிறதே என்று வியந்தார். அயர்லாந்துக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "ஆமாம், அங்கேயேதான் இருந்தது" என்றார். எனக்குக் கை கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை.

எனக்காக அவரும் ஒரு பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது. இப்போதும் வண்டியில் ஏதாவது காணவில்லை என்று யாராவது வந்து நின்றால் ஃபோர்மேன் என்னைத்தான் கேபினுக்குள் கூப்பிடுகிறார். இவன் இல்லை என்றால் இல்லை என்று வந்தவர்களிடம் சொல்கிறார். நான் தலையாட்டிவிட்டு மேஜைக்குத் திரும்புகிறேன். வியாழக்கிழமை பட்டான் ஹாரன் அடித்தால், கழற்றிய செட் ஒவ்வொன்றின் வாயிலும் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் தூக்கிப் போடுகிறேன்.