படத்தில் இல்லாத திறப்பு

“மாசி, சனிக்கிழமை. பின்னேரக் காட்சி. தொடக்கம் 2.40. முடிவு 5.20. கூட்டம் அரைவாசி. அபிப்பிராயங்கள் ஏழு.”

அட்டையில் 1941 என்று எழுதிய என் கொப்பியில் இப்படி இருக்கிறது. அந்த நாட்களில் எந்தப் படம் பார்த்தாலும், வெளியே வருபவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்வேன். அதை யாருக்கும் காட்டியதில்லை.

அன்று அக்காவையும் அழைத்துப் போயிருந்தேன். கலியாணம் முடித்த பிறகு நான் பட்டணப் பக்கம் மனைவியின் வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா கல்லடியில், அம்மா சீதனமாக எழுதிக்கொடுத்த வீட்டில் இருந்தாள். அத்தான் அங்கே வந்து குடியிருந்தார். எங்கள் பகுதியில் அதுதான் முறை. வீடு பெண்ணுக்கு, ஆண் பெட்டியோடு வருவான்.

படத்தில் அடிதடி கிடையாது. ஒருவன் ஒவ்வொரு மாலையும் மனைவியிடம், “இன்று எங்கே போனாய்?” என்று கேட்கிறான். முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்கிறான். கோயிலுக்கு என்கிறாள், கிணற்றடிக்கு என்கிறாள். போகப் போக, அவன் வருமுன்னரே பதிலைத் தனக்குள் சொல்லிப் பார்க்கத் தொடங்குகிறாள். பிறகு எங்கும் போவதில்லை. போகவில்லை என்றால் நம்பமாட்டான் என்று, போகாத இடங்களைச் சொல்கிறாள். கடைசியில் வெறும் அறையைப் பார்த்து அவன் அதே கேள்வியைக் கேட்கிறான். அவள் எங்கே போனாள் என்று படம் சொல்லவில்லை.

படம் முடிந்ததும் கொட்டகைக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் ஏறாவூர்ப் புடைவை வியாபாரி ஒருவரைக் கேட்டேன்.

“இது படமா வாப்பா? அவன் கேக்கிறான், அவ சொல்றா. இத எங்கட வீட்டில சும்மா பாக்கலாமே.”

பக்கத்தில் இருந்த, கிரானிலிருந்து வந்த விவசாயி, “வயல் வட்டைக்குள்ள தண்ணி ஏறுற மாதிரி ஊருது. நான் ரெண்டு தரம் நித்திரை கொண்டு எழும்பிற்றன். அவன் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கான்” என்றார்.

எனக்கும் படம் பிடிக்கவில்லை. சென்னையிலிருந்து தபாலில் துப்பறியும் நாவல்கள் எடுப்பித்து வாசிப்பவன் நான். மர்மம் என்றால் முடிவில் அவிழ வேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

அக்காவை வீட்டில் விடப் போகும் வழியில், வாவிப் பாலத்தில் எங்களோடு நடந்துவந்த கல்லடிப் பெண்கள் இருவர் வேறு மாதிரிப் பேசினார்கள்.

“அவன்ட வீட்டுக்குப் போய் இருந்தா அப்பிடித்தான். நம்மட ஊரெண்டா அவன்ட பெட்டியத் தூக்கி வாசலில வைச்சிருப்பம்.”

“பெட்டிக்கு மேல சாரத்தையும் மடிச்சு வைச்சிருப்பம்.”

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன். அவர்கள் முன்னே போனபின் அக்கா பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வீடு ஆர்ர பேரில இருந்தா என்ன தம்பி. திறப்பு அவர்ர கையில தானே.”

“படத்தில பூட்டு, திறப்பு ஒண்டும் வரல்லையே அக்கா.”

“ஓம், படத்தில இல்ல” என்றாள்.

ஏழாவது குறிப்பு: “அக்கா: திறப்பு என்கிறாள். அப்படி ஒரு காட்சி இல்லை. தவறாக நினைவு வைத்திருக்கிறாள்.”

“கொஞ்சம் நிப்பம்” என்றாள் பிறகு. வாவியில் இரண்டு தோணிகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. வலையை மடிக்கிறவனை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை நிமிடம் நின்றோம் என்று நான் குறிக்கவில்லை. வெயில் முழுவதும் இறங்கிய பிறகுதான் நடந்தோம்.

அத்தான் வாசலில் நின்றார். உரத்துப் பேசி நான் ஒருநாளும் கேட்டிராத மனிதர்.

“படம் எத்தின மணிக்கு முடிஞ்ச?”

“ஆறு மணியாகும்” என்றாள் அக்கா.

நான் கொப்பியை எடுத்தேன். “இல்ல அத்தான், அஞ்சு இருபது. எழுதியிருக்கன்.”

“நீ எழுதி வைக்கிற ஆள். உன்னில பிழை வராது” என்று என் தோளைத் தட்டினார். அக்கா என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். அந்தப் பாராட்டு வீடு வரும்வரை எனக்கு இனித்தது.

பிறகு எந்தப் படத்துக்குக் கூப்பிட்டாலும், “தலையிடி தம்பி” என்று யன்னலுக்குள் நின்று சொல்வாள். நான்கு இடங்களில் தேதியோடு “அக்காவுக்குத் தலையிடி” என்று எழுதி வைத்திருக்கிறேன். நான்கு முறையும் கதவு திறக்கப்படவில்லை என்பதை எழுதவில்லை. கண்டேன்; யோசிக்கவில்லை. சொந்த வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு என்ன பயம் என்று பாலத்தில் வந்த அந்த இருவரைப் போலத்தான் நானும் நினைத்தேன்.

அடுத்த மாரியில் காய்ச்சலில் அக்கா இறந்தாள். அத்தான் வயல் வேலைக்கென்று போய் இரண்டு நாள் கழித்து வந்தபோது மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. அன்று பின்னேரமே முடிந்துவிட்டது. முன்கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது, அதைக் கண்டு யாரும் வீட்டில் இல்லை என்று நினைத்தேன் என்றாள் பக்கத்து வளவுக்காரி. பூட்டு உள்ளேதான் இருந்தது, அவளே எழும்பி வந்து திறந்தாள் என்றார் அத்தான். வளவுக்காரியிடம் மறுபடி கேட்டபோது, “சரியா ஞாபகம் இல்ல தம்பி” என்று தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது அத்தானும் அவளும் உயிரோடு இல்லை.

அந்த இரண்டு நாளும் பூட்டு எந்தப் பக்கம் இருந்தது என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.