பிள்ளையைப் பற்றிக் கேட்க வந்தனாங்கள்

கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கும் தொழிலில் ஒரு கரைச்சல் உண்டு: பதில் சொல்பவர்கள் எப்போதும் எங்களைவிட நன்றாகக் கேள்வி கேட்பார்கள்.

நான் வவுனியா நெளுக்குளத்தில் இருக்கிறேன். முன்பு முன்பள்ளி ஆசிரியை. இப்போது, பிள்ளைகளின் மனநலத்தையும் மூளை வளர்ச்சியில் வரும் வித்தியாசங்களையும் பற்றிய ஆய்வொன்றில் கள உதவியாளர். ஆங்கிலத்தில் இருந்த கேள்விகளைத் தமிழாக்கித் தந்திருக்கிறார்கள். அந்தத் தமிழ் வன்னியில் உள்ள தாய்மாருக்கு விளங்குகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் எனக்கும் ரெஜினாவுக்கும் வேலை. ரெஜினா முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடற்தொழில் குடும்பத்தில் வளர்ந்தவள். ஸ்கூட்டி ஓடுவது அவள். மரக்கட்டைகளும் பந்தும் பதில்களைப் பதியும் டெப்பும் நிறைந்த பையைக் கட்டிப் பிடித்தபடி பின்னால் இருப்பது நான். வெயிலில் படலை படலையாக நின்று "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டுத் தொண்டை வறண்ட சக பாவிகளே, இந்தச் சிறு கதைகள் உங்களுக்காக. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சேட்டுப் போடாத மனிதர்

வன்னியில் எங்கள் கையில் கோப்பொன்றைக் கண்டதும் சனம் தானாகவே பதில் சொல்லத் தொடங்கிவிடும். நிவாரணத்துக்கென்று அவ்வளவு பேர் வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். உடையார்கட்டில் ஒருவர் வெறும் மேலோடு வேலிக்குக் கதியால் தடிகள் நட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. "மலசலகூடம் இருக்கு. கிணறு பொதுக் கிணறு. கூரைத் தகரம் பாதிதான் கிடைச்சது. கோழிக்கூடு பெயர் எழுதினதோட சரி," என்றார், மண்வெட்டியை நிறுத்தாமல்.

"ஐயா, நாங்கள் அதுக்கு வரேல்லை. உங்கட பிள்ளையைப் பற்றிக் கேக்க வந்தனாங்கள். எப்பிடி விளையாடுறார், எப்பிடிக் கதைக்கிறார், எதுக்குப் பயப்பிடுறார் எண்டு," என்றேன்.

மண்வெட்டி நின்றது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதை வேலியோரம் சாய்த்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். "பிள்ளையைப் பற்றியோ? அதை இண்டைவரைக்கும் ஒருத்தரும் வந்து கேக்கேல்லையே. கதிரையில இருங்கோ, சேட்டுப் போட்டுக்கொண்டு வாறன்."

பொம்மைக்குத் தேநீர்

எங்கள் கேள்விகளில் ஒன்று: "உங்கள் பிள்ளை பொம்மைக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பது போன்ற பாவனை விளையாட்டில் ஈடுபடுகிறதா?" கற்பனை விளையாட்டு இல்லாத பிள்ளையைக் கவனிக்க வேண்டும் என்பதால் அது முக்கியமான கேள்வி. ரெஜினாவின் ஊர்ப் பக்கம் ஒரு தாயிடம் கேட்டோம். அவர் வலையில் சிக்கிய பாசியை எடுத்தபடி, யோசிக்காமல் "இல்லை" என்றார். நான் டெப்பில் "இல்லை" என்று போடப் போக, ரெஜினா என் கையைப் பிடித்துவிட்டாள். "அப்ப உங்கட மகள் என்ன விளையாடுவாள் அக்கா?" என்று கேட்டாள்.

"அவளோ? சிரட்டையில மண்ணைப் போட்டுக் கணவாய்க் கறி காச்சுவாள். நான் சாப்பிட்டுக் காட்ட வேணும். சாப்பிட்டால், உப்புக் காணாதெண்டு ஏன் சொல்லேல்லை எண்டு எனக்கு ஏச்சும் விழும். நீங்கள் பொம்மையையும் தேத்தண்ணியையும் எல்லே கேட்டனீங்கள்? பொம்மைக்கு ஆர் பிள்ளை தேத்தண்ணி குடுக்கிறது?"

அரை மணித்தியாலத்தில் முடிந்த வீடு

கனகராயன்குளத்தில் பிரதான வீதியை விட்டு உள்ளே போனால் அந்த வீடு. மலையகத்திலிருந்து வந்து காணி வெட்டிக் குடியேறியவர்களின் குடும்பம். தாய் யோகேஸ்வரியும் தகப்பன் செல்வராஜும் வன்னியில்தான் பிறந்தார்கள், ஆனால் பேச்சு இன்னும் மலையகப் பேச்சு. அவர்களுடைய மகள் நிவேதாவுக்கு ஆறு வயது.

யோகேஸ்வரி கச்சான் கடலை உடைத்தபடி பதில் சொன்னார். பிள்ளை அடம் பிடிப்பாளா? இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு அடிப்பாளா? இல்லை. சாமான்களை உடைப்பாளா? இல்லை. "கரைச்சலே இல்ல மிஸ். இவ வீட்டில இருக்கிறதே தெரியாது." பள்ளிக்கூட அறிக்கையிலும் "அமைதியான நல்ல பிள்ளை" என்று எழுதியிருந்தது. நிவேதா தண்ணீர்த் தொட்டியடியில் குந்தி, குழாயிலிருந்து விழும் சொட்டுகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்ததையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. நான் எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டு, அந்தக் கிழமையில் மிக விரைவாக முடித்த வீடு என்ற சந்தோஷத்தோடு படலையைச் சாத்தினேன்.

ரெஜினா ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்யாமல் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் சரி. அந்தப் பிள்ளையின்ர குரலை நீ ஒருக்காலெண்டாலும் கேட்டனியோ?"

யோகேஸ்வரியின் ஒரு நாள்

எனக்குப் பிள்ளைகளைத் தெரியும் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது. அது அன்று இரவே போய்விட்டது. அடுத்த நாள், வவுனியாவில் எங்கள் ஆய்வை நடத்தும் டொக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிறுவர் மனநல வைத்தியர். ஏசுவார் என்று நினைத்தேன். அவரோ கேள்விகளை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்தார். "பிழை உங்களில மட்டுமில்லை. இந்தக் கேள்வியெல்லாம் கரைச்சல் குடுக்கிற பிள்ளையைத்தான் தேடுது. திரும்பப் போங்கோ. டெப்பை வெளியில எடுக்காதேங்கோ. அவையின்ர ஒரு நாள் எப்பிடிப் போகுதெண்டு மட்டும் கேளுங்கோ," என்றார்.

போனோம். கேட்டோம். நிவேதா ஒரே ஒரு நீலக் கோப்பையில்தான் சாப்பிடுவாளாம். அது உடைந்தால் என்ன செய்வது என்று அதே மாதிரி இரண்டை வாங்கி அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தார் யோகேஸ்வரி. உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டால் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நடுங்குவாள், அதனால் பள்ளிக்கூடத்துக்கு வயல் வரம்பால் சுற்றிக் கூட்டிப் போகிறார். புதுச் சட்டை வாங்கினால் மூன்று தரம் தோய்த்து, கழுத்தில் தைத்திருக்கும் லேபல் துண்டை வெட்டிய பிறகுதான் போட்டுவிடுவார். பசிக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. பாணும் பணிசும் விற்கும் ஓட்டோ போட்டுக்கொண்டு வரும் பாட்டை முனகுவாள். அதுதான் பசி. பள்ளிக்கூடத்தில் அதுவும் இல்லை. அங்கே அவள் வாய் திறந்ததே கிடையாது.

"அக்கா, இதையெல்லாம் ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

யோகேஸ்வரி என்னை விளங்காதவர் போலப் பார்த்தார். "நீங்க கரைச்சல் இருக்கான்னுதானே கேட்டீங்க? கரைச்சல் வராம பாத்துக்கிறது என் வேலைதானே மிஸ்."

செல்வராஜ் கேட்டது

கிளினிக்குக்குக் கூட்டி வரச் செல்வராஜ் இலகுவில் சம்மதிக்கவில்லை. மேசன் வேலை செய்யும் மனிதர், அதிகம் பேசமாட்டார். "எம் புள்ளைக்குப் பைத்தியம்னு எழுதப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைக்கு மூன்று வயது ஆகும்வரை யோகேஸ்வரி தையல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவர். அதனால்தான் பிள்ளை இப்படி என்று சொந்தக்காரர்கள் சொல்ல, செல்வராஜும் அதை நம்பியிருந்தார். நான் வாதாடப் போகவில்லை. ஒரு நாள் வேலையை விட்டு வந்து டொக்டரிடம் நீங்களே கேளுங்கள் என்றேன். வந்தார். பிள்ளையின் காதைப் பரிசோதித்தார்கள், விளையாடவிட்டும் பார்த்தார்கள். மூன்றாம் தடவை போனபோது டொக்டர் இருவரையும் இருத்திச் சொன்னார்: "இதுக்கு ஓட்டிசம் எண்டு பெயர். மூளை வளர்ந்த விதம் அப்பிடி. தாய் வேலைக்குப் போனதால வந்ததில்லை. ஆரின்ர பிழையுமில்லை. மருந்து குடுத்து மாத்திற வருத்தமும் இல்லை. ஆனா கேக்க, கதைக்க, வேண்டாமெண்டு சொல்லப் பழக்கலாம். இண்டைக்கே தொடங்குவம்."

யோகேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்வராஜ் வெளி விறாந்தைக்கு வந்து, மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியின் பக்கம் திரும்பாமல் என்னிடம்தான் கேட்டார். "அப்ப இவ்வளவு காலமும் நான் இவ அம்மாவ ஏசினதுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது மிஸ்?"

கணக்குப் பாடம்

பேச்சுப் பயிற்சி தருபவர் படங்கள் வரைந்த சிறு அட்டைகளைக் கொடுத்தார். தண்ணீருக்கு ஒன்று, பசிக்கு ஒன்று, வெளியே போக ஒன்று. வீட்டில் பத்து நாளில் நிவேதா அவற்றைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம்தான் மலைப்பாக இருந்தது. வகுப்பாசிரியை இளம் பெண். "இவ்வளவு பிள்ளையளுக்குள்ள நான் ஒருத்தியை மட்டும் எப்பிடிப் பாக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. நானும் ரீச்சராக இருந்தவள்தானே. மூன்று அட்டையும் வேண்டாம், வெளியே போகும் அட்டையை மட்டும் மேசையில் வையுங்கள், அவள் தூக்கினால் இரண்டு நிமிடம் வெளியே விடுங்கள் என்று கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்கினார்.

முதல் இரண்டு கிழமையும் அட்டை மேசையிலேயே கிடந்ததாம். பிறகு ஒரு நாள் தூக்கினாள். பிறகு நாளுக்கு ஒருமுறை. பள்ளித் தவணை முடிய ஒரு கிழமை இருக்கும்போது ஆசிரியை எனக்கு அழைப்பு எடுத்தார். பின்னால் ஒரே பிள்ளைகளின் சத்தம். "மிஸ், இண்டைக்கு நிவேதா அட்டையைத் தூக்கேல்லை. வாயைத் திறந்து 'வெளிய' எண்டவள்! கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை, முழு வகுப்பையும் வெளிய கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

புதுக் கேள்வி

டொக்டர் கேள்விக்கொத்தில் ஒரு கேள்வி சேர்த்தார். சொற்களை அமைத்தது நாங்கள். எழுத்துத் தமிழில் நான் எழுதிக்கொண்டு போனதை ரெஜினா நான்கு தரம் வெட்டினாள். கடைசியில் இப்படி நின்றது: "பிள்ளை குழம்பாமல் இருக்க நீங்கள் ஒவ்வொரு நாளும் என்னென்ன செய்வீர்கள்?"

முதலில் கேட்டது முல்லைத்தீவில் மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவரிடம். குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்தார். கையைக் கழுவினார். வந்து எங்களுக்கு எதிரே இருந்தார். இரண்டாவது மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, டெப்பில் சார்ஜ் முடிந்து, ரெஜினா கொப்பியில் எழுதத் தொடங்கி, மீனைப் பூனை தூக்கிப் போய், அதற்கு அவர் எழும்பாமலே ஒரு அதட்டல் போட்டு, மேலும் சொன்னார். அந்தப் பையனை அடுத்த கிளினிக்குக்குப் பதிந்துகொண்டோம். வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரெஜினா விரலை நெட்டி முறித்தாள்.

"கேள்வி நல்ல கேள்விதான். ஆனா டொக்டரிட்ட நீயே சொல்லிப்போடு, இனி ஒரு நாளைக்கு ஒரு வீடுதான் எண்டு."

ஆய்வின் முடிவுகள் வர இன்னும் காலம் எடுக்குமாம், ஆனால் ஒரு தாயிடம் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு போய்ச் சேர முடியாது என்பதை நாங்கள் இருவரும் இப்போதே நிரூபித்துவிட்டோம்.